3.5 சதவீதத்தில் நிற்கும் சோலார் செல்லை மேலே ஏற்றுவது எப்படி?

"அண்ணா, எஃபிஷியன்சி மூணரைக்கு மேல ஏறவே மாட்டேங்குது. வேற எதையாவது டோப் பண்ணிப் பாக்கட்டுமா?"

காட்பாடி டீக்கடை வாசலில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் என்னிடம் கேட்டது. காட்பாடி, சேர்க்காடு, மேல்விஷாரம் என்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். நான் சொல்கிற பதிலும் மாறுவதில்லை. புதிதாக எதையும் போடாதே, எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பார். குடத்தில் ஓட்டை இருக்கும்போது இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றி என்ன பயன்? எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்கான முறையைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. கந்தகம், செலினியம், டெலூரியம் ஆகிய மூன்றில் ஒன்றோடு உலோகங்கள் சேர்ந்த சேர்மங்களைத்தான் இந்தத் துறையில் சால்கோஜெனைடு என்கிறோம். ஒளியை நன்றாக விழுங்குவதால் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனே இவற்றுக்குப் போதும். காட்மியம் டெலூரைடும், தாமிரம் – இண்டியம் – காலியம் – செலினியம் சேர்ந்த சி.ஐ.ஜி.எஸ்.-உம் சந்தைக்கு வந்துவிட்டவை. நாம் சென்னைக்குப் போகிற அதே நெடுஞ்சாலைப் பக்கம், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில், ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் காட்மியம் டெலூரைடு பேனல் செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. நம் கல்லூரிகளில் அதிகம் செய்வது கெஸ்டரைட். தாமிரம், துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் என்று நாலுமே மலிவாகக் கிடைப்பவை. அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அடுக்கு வரிசை இதுதான்: கண்ணாடி, அதன்மேல் பின்பக்கத் தொடர்பான மாலிப்டினம், அதன்மேல் ஒளியை விழுங்கும் கெஸ்டரைட் (உறிஞ்சு படலம்), அதோடு சந்திப்பை உண்டாக்கும் காட்மியம் சல்பைடு, உச்சியில் ஒளி ஊடுருவும் கடத்தி.

முதல் படி: மூன்று எண்களைப் பிரித்துப் பாருங்கள்

செயல்திறன் (எஃபிஷியன்சி), அதாவது விழும் ஒளியில் எத்தனை சதவீதம் மின்சாரமாகிறது என்பது, மூன்று எண்களின் பெருக்கல். திறந்த சுற்று மின்னழுத்தமான வி.ஓ.சி. (கப்பலோட்டியவர் இல்லை), குறுக்குச் சுற்று மின்னோட்டமான ஜே.எஸ்.சி., மின்னோட்டம்–மின்னழுத்த வளைகோடு (ஐ.வி. வளைகோடு) எவ்வளவு சதுரமாக இருக்கிறது என்று சொல்லும் ஃபில் ஃபேக்டர்.

சல்பைடு கெஸ்டரைட்டின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானை விடுவிக்க ஒளிக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட். 1961-இல் ஷாக்லி, குவைசர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் போட்டுக் கொடுத்த கணக்குப்படி, அந்த இடைவெளிக்கு வி.ஓ.சி. அதிகபட்சம் 1.23 வோல்ட் வரும். ஜே.எஸ்.சி. சதுர சென்டிமீட்டருக்கு 29 மில்லி ஆம்பியர், ஃபில் ஃபேக்டர் 90%. பெருக்கினால் 32% சொச்சம். அந்த மாணவியின் செல்லில் இருந்தது 0.55 வோல்ட், 14 மில்லி ஆம்பியர், 45%. மூன்றுமே ஏறக்குறைய பாதி. பாதியில் பாதி கால், காலில் பாதி அரைக்கால். 32-இல் அரைக்கால் 4. அவருக்கு வந்தது 3.5. மந்திரமும் இல்லை மர்மமும் இல்லை, மூன்று இடத்தில் பாதி பாதியாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்தே எதை முதலில் தொடுவது என்பது தெரிந்துவிடும். ஃபில் ஃபேக்டர் குறைந்தால் பெரும்பாலும் கைவேலைக் கோளாறு. ஊசித் துளை, மோசமான தொடர்பு, தூசி மாதிரி. ஜே.எஸ்.சி. குறைந்தால் ஒளி வழியில் எங்கோ விரயமாகிறது, அல்லது பிறந்த மின்னூட்டம் தொடர்பு வரை வந்து சேரவில்லை. வி.ஓ.சி. குறைந்தால் அது பொருளின் உள்நோய். முதல் இரண்டையும் ஓர் ஆண்டில் சரி செய்துவிடலாம். மூன்றாவது உலகத்தையே திணற வைத்திருக்கிறது. ஐ.பி.எம். ஆய்வகத்தின் புகழ்பெற்ற 12.6% கெஸ்டரைட் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கந்தகத்தோடு செலினியமும் உண்டு, இடைவெளி 1.13. மின்னோட்டம் 35.2, ஃபில் ஃபேக்டர் 69.8%, ஆனால் வி.ஓ.சி. 0.513 வோல்ட்தான். இடைவெளிக்கும் வி.ஓ.சி.க்கும் நடுவே 0.6 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. 2019-இல் 23.35% தொட்ட சி.ஐ.ஜி.எஸ். செல்லில் அந்த இழப்பு 0.35 வோல்ட் அளவில்தான் இருந்தது. இரண்டு பொருள்களுக்கும் உள்ள தூரம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே ஃபில் ஃபேக்டர், மின்னோட்டம், மின்னழுத்தம் என்ற வரிசையில் போங்கள். மாற்றிப் போனவர்கள் வருடக்கணக்கில் சுற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: ஒரே செய்முறையில் பன்னிரண்டு செல்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரே செய்முறையில் பன்னிரண்டு செல்லாவது செய்து அளந்துவிடுங்கள். ஒன்று 2%, இன்னொன்று 4% என்று சிதறினால், "லித்தியம் போட்டதும் அரை சதவீதம் ஏறியது" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அது சிதறலுக்குள் முழுகிப் போகிற எண். சிதறலைக் குறைப்பதுதான் முதல் ஆறு மாத வேலை. வழிகாட்டிப் பேராசிரியருக்குப் பிடிக்காது, கட்டுரையும் வராது. ஆனால் செய்யுங்கள்.

மூன்றாம் படி: அளவை நம்பும்படி ஆக்குங்கள்

செல்லின் பரப்பை ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். சிறிய செல்லில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே செயல்திறன் பொய்யாக ஏறிவிடும். நுண்ணோக்கிப் படத்தில் அளந்து, துளையிட்ட கறுப்புத் தகட்டைச் செல்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சுங்கள். சூரியனுக்குப் பதிலாக வைக்கும் அந்த விளக்கின் ஒளி அளவை, மின்னோட்டம் முன்பே தெரிந்த குறிப்புச் செல் கொண்டு ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

வேலூருக்கென்று தனியாக ஒன்று உண்டு: சூடு. அக்னி நட்சத்திரத்தில் ஏசி படுத்துவிட்டால் அறையே 37 டிகிரி. விளக்கின் கீழே இரண்டு நிமிடம் வைத்த செல் 45-ஐத் தாண்டும். விதிப்படி 25 டிகிரியில் அளக்க வேண்டும். டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் என்ற கணக்கில் வி.ஓ.சி. இறங்கும். 20 டிகிரிக்கு 40 மில்லிவோல்ட். "மே மாசம் செய்யற செல்லு எல்லாம் மட்டமா வருது" என்று ஒரு லேபில் புலம்பல் இருந்தது. பாதிக் குற்றம் செல்லில் இல்லை, அளந்த மேசையில்தான் இருந்தது. செல்லுக்கு அடியில் தண்ணீர் ஓடும் செப்புத் தகடு ஒன்று வைத்தால் போதும்.

நான்காம் படி: வளைகோட்டை வாசியுங்கள்

ஐ.வி. வளைகோட்டிலிருந்து நான்கு எண்ணை எடுத்து அட்டவணையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாடி பார்க்கத் தெரிந்தவருக்கு வளைகோட்டின் வடிவமே பேசும்.

பூஜ்ய வோல்ட் அருகே கோடு படுக்கையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஷன்ட், அதாவது மின்சாரம் செல்லுக்குள்ளேயே குறுக்கு வழியில் ஒழுகுகிறது. ஊசித் துளையோ, கடத்தும் தாமிர சல்பைடோ காரணமாக இருக்கும். இருட்டிலும் அளந்து பாருங்கள். இருட்டிலும் அதே சாய்வு என்றால் ஷன்ட்டேதான். இருட்டில் படுத்திருந்து ஒளியில் மட்டும் சாய்ந்தால், மின்னூட்டம் சரியாகச் சேகரமாகவில்லை என்று சந்தேகப்படலாம்.

வி.ஓ.சி. அருகே கோடு செங்குத்தாக இறங்க வேண்டும். சோம்பலாகச் சரிந்தால் தொடர் மின்தடை அதிகம். பரப்புக் கணக்கில் 10 ஓம் இருந்தால், 14 மில்லி ஆம்பியர் ஓடும்போது 0.14 வோல்ட் வழியிலேயே போய்விடும். இருப்பதே 0.55. கோடு பாம்பு மாதிரி இரண்டு முறை வளைந்தால், ஏதோ ஒரு இடைமுகத்தில் தடுப்புச் சுவர் நிற்கிறது. பின்பக்கத் தொடர்பையும் காட்மியம் சல்பைடு சந்திப்பையும் பாருங்கள்.

அடுத்து அலைநீளத்துக்கு அலைநீளம் பார்க்கும் குவாண்டம் திறன் அளவீடு. 520 நானோமீட்டருக்குக் கீழே பள்ளம் என்றால் காட்மியம் சல்பைடு தடிமன் கூடிவிட்டது, நீல ஒளியை அதுவே தின்றுவிடுகிறது. சிவப்புப் பக்கம் சரிவு என்றால் ஆழத்தில் பிறந்த மின்னூட்டம் மேலே வந்து சேருவதில்லை. எல்லா இடத்திலும் ஒரே சீராகக் குறைந்தால் எதிரொளிப்பு. இந்த வளைகோட்டைத் தொகையிட்டு வரும் மின்னோட்டமும் ஐ.வி. காட்டும் மின்னோட்டமும் ஒத்துப்போக வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

உங்கள் கல்லூரியில் இந்தக் கருவி இல்லை என்பது ஒரு சாக்கு ஆகாது. இந்திய நானோ எலெக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டத்தின் கீழ் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி., மும்பை ஐ.ஐ.டி. ஆய்வகங்களுக்கு வெளிக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பிக்கலாம். காட்பாடியிலிருந்து பெங்களூர் அரைநாள் ரயில்.

ஐந்தாம் படி: கண்ணாடியும் மாலிப்டினமும்

சாதாரண சோடா லைம் கண்ணாடியே நல்லது. சூளையில் சுடும்போது அதிலுள்ள சோடியம் மாலிப்டினத்தின் வழியே மேலேறி உறிஞ்சு படலத்தைத் தேற்றுகிறது. உசத்தி என்று நினைத்து குவார்ட்ஸ் வாங்கினால் சோடியமும் இல்லை, வி.ஓ.சி.யும் இல்லை. ஸ்பட்டரிங் (வெற்றிடத்தில் படலம் பூசும் கருவி) இல்லாத கல்லூரி என்றால் மாலிப்டினம் பூசிய கண்ணாடியையே விலைக்கு வாங்கலாம். வந்ததும் ஒரு துண்டில் செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். படலம் டேப்போடு வந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். கழுவுவதற்கு நம் ஊர் போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்புக்கறை கண்ணுக்கே தெரியும். அயனி நீக்கிய நீரில் அலசி, நைட்ரஜன் ஊதிக் காயவைக்க வேண்டும்.

ஆறாம் படி: உறிஞ்சு படலம்

உலோக உப்புகளையும் தயோயூரியாவையும் கரைத்து, ஸ்பின் கோட்டர் என்ற சுழற்றிப் பூசும் கருவியில் அடுக்கடுக்காகப் பூசி, ஹாட் பிளேட்டில் காயவைப்பது பரவலான முறை. மெத்தாக்சி எத்தனால் கரைப்பான் கருவைப் பாதிக்கக்கூடியது. புகை அலமாரிக்குள்தான், வெளியே மூடியைக்கூடத் திறக்காதீர்கள். ஐப்பசி மழை நாளில் பூசிய படலம் ஈரத்தால் மங்கலாக வரும். அந்த பேட்ச்சில் தேதியோடு ஈரப்பதத்தையும் எழுதி வையுங்கள்.

விகிதம்தான் உயிர். தாமிரம் குறைவாகவும் துத்தநாகம் சற்று மிகுந்தும் இருக்க வேண்டும். தாமிரத்தைத் துத்தநாகம்–வெள்ளீயக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.8 அருகிலும், துத்தநாகத்தை வெள்ளீயத்தால் வகுத்தால் 1.2 அருகிலும் வரட்டும். தாமிரம் மிஞ்சினால் கடத்தும் தாமிர சல்பைடு உருவாகி ஷன்ட் ஆக்கும். துத்தநாகம் மிஞ்சினால் துத்தநாக சல்பைடு வழியை அடைக்கும், ஆனால் செல்லைக் கொல்லாது. கெட்டதில் நல்லதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

விகிதத்தை மின் நுண்ணோக்கியின் எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வில் பார்ப்பார்கள். அதில் இரண்டு கண்ணிகள் உண்டு. கந்தகத்தின் கோடும் மாலிப்டினத்தின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழும், அதனால் கந்தகம் நிறைய இருப்பதாகக் காட்டும். சோடியத்தின் கோடு துத்தநாகத்தின் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். "சோடியம் ஏறியிருக்கு சார்" என்று ஸ்லைடில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். இன்னொன்று, எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் (எக்ஸ்.ஆர்.டி.) கெஸ்டரைட், துத்தநாக சல்பைடு, தாமிர வெள்ளீய சல்பைடு மூன்றின் முக்கிய உச்சிகளும் ஒரே இடத்தில்தான் வரும். "ஒரே கட்டம், கலப்பில்லை" என்று அதை மட்டும் வைத்து எழுதக் கூடாது. ராமன் நிறமாலை எடுங்கள். அலை எண் (செ.மீ.⁻¹) 338-இல் கெஸ்டரைட், 350 பக்கம் துத்தநாக சல்பைடு, 475-இல் தாமிர சல்பைடு.

இனி சூளை. 550 டிகிரி அளவில் கந்தக ஆவியில் சுடும்போது, வெள்ளீயம் சல்பைடாகப் பறந்துவிடும், படலம் உடையும். இட்லிப் பானையின் மூடியைத் திறந்து வைத்தால் ஆவி எங்கே நிற்கும்? அதே கதைதான். மூடியுள்ள கிராஃபைட் பெட்டிக்குள் கந்தகத் தூளோடு கொஞ்சம் வெள்ளீய சல்பைடும் சேர்த்து வைத்தால், உள்ளே ஆவி நிறைந்து படலத்திலிருந்து வெளியேறுவது கட்டுப்படும். மூடி ஒரு நூல் விலகியிருந்தாலும் அந்தச் செல் போச்சு. நேரத்தை நீட்டாதீர்கள். நீட்டினால் மாலிப்டினமும் சல்பைடாகித் தடிக்கும், தொடர் மின்தடை ஏறும். ஆறவிடுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். 260 டிகிரிக்கு மேலே தாமிரமும் துத்தநாகமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், மெல்ல ஆறினால்தான் ஓரளவு தத்தம் இடத்துக்குத் திரும்பும். கரண்ட் போய்ப் பாதியில் நின்ற பேட்ச்சைத் தனியாகக் குறித்து வையுங்கள், நல்ல பேட்ச்சோடு சேர்க்காதீர்கள்.

இத்தனையும் கைவந்த பிறகுதான் வெள்ளி, ஜெர்மானியம் என்று கலப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். தாமிரத்தில் கொஞ்சத்தை வெள்ளியால் மாற்றினால் அந்த இடமாற்றக் குறைபாடு குறைகிறது என்பது உண்மை. அடித்தளம் ஆடும்போது அது தெரியாது.

ஏழாம் படி: காட்மியம் சல்பைடு குளியல்

என்னை இரண்டு மாதம் அழவைத்த படி இது.

வேலை எளிது. காட்மியம் உப்பு, அமோனியா, தண்ணீர் கலந்த பீக்கரில் செல்லைச் செங்குத்தாக நிறுத்தி, 65 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து, கடைசியாகத் தயோயூரியாவை ஊற்ற வேண்டும். அமோனியா காட்மியத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தயோயூரியா கந்தகத்தைக் கொடுக்கும். தெளிந்த நீர் இளம்பச்சை கலந்த மஞ்சளாகும், பிறகு நல்ல மஞ்சள், பிறகு கலங்கும். கலங்கத் தொடங்கும் நேரம்தான் பதம். பாகு காய்ச்சுகிறவர்கள் கம்பிப் பதத்தில் கண்ணை எடுக்க மாட்டார்களே, அப்படி நிற்க வேண்டும். தாண்டிவிட்டால் பீக்கரிலேயே உருவான துகள்கள் படலத்தில் மாவு மாதிரி ஒட்டும். 50 நானோமீட்டர் சரியாக விழுந்த செல்லில் கருநீலச் சாயல் தெரியும்.

ஒரு கோடையில் என் செல்கள் எல்லாம் திடீரென்று 5-லிருந்து 2-க்கு விழுந்தன. உறிஞ்சு படலத்தின் விகிதத்தை மாற்றினேன், சூளையின் வெப்பத்தை மாற்றினேன், கிராஃபைட் பெட்டியையே புதிதாகச் செய்யக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் லேப் அட்டெண்டர் அண்ணன், குடியாத்தத்துக்காரர், அமோனியாவைப் புது பாட்டிலுக்கு மாற்றும்போது சொன்னார்: "இன்னா தம்பி, இதுல காரமே இல்லியே. மூக்கு எரியவே இல்ல பாரு."

ஒரே பாட்டிலை மூன்று மாதமாகத் திறந்து மூடி, வெயிலடிக்கும் ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன். அமோனியா பாதி பறந்துவிட்டது. பிடித்து வைக்க ஆளில்லாத காட்மியம் ஊற்றியவுடனே பீக்கரில் திரிந்து, மாவாகப் படிந்து, நடுவே துளை துளையாக விட்டிருக்கிறது. இருட்டில் ஒரு ஐ.வி. எடுத்திருந்தால் முதல் நாளே ஷன்ட் என்று தெரிந்திருக்கும். நான் எடுக்கவில்லை. அன்றிலிருந்து சிறு பாட்டில், குளிர்ந்த இடம், திறந்த தேதி மூடியில். ஒன்று மட்டும்: அண்ணன் மாதிரி மூக்கை வைத்துச் சோதிக்காதீர்கள், தரம் பார்க்க அமில டைட்ரேஷன் இருக்கிறது.

குளியலுக்கு முன் மேற்பரப்பைச் சுத்தம் செய்வதும் உண்டு. துத்தநாக சல்பைடு ஒதுங்கியிருந்தால் சூடான, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். பழைய கட்டுரைகளில் வரும் பொட்டாசியம் சயனைடு பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம்.

குளியலுக்குப் பின் சந்திப்பை 200–300 டிகிரிக்குள் சற்று நேரம் சுடுவது பலன் தருகிறது. 2018-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு சல்பைடு கெஸ்டரைட்டில் 11% தொட்டது இந்த வழியில்தான். சல்பைடில் வி.ஓ.சி. குறைவதற்கு இன்னொரு காரணம், காட்மியம் சல்பைடின் கடத்துப் பட்டை (எலக்ட்ரான் ஓடும் ஆற்றல் மட்டம்) கெஸ்டரைட்டின் பட்டையைவிடத் தாழ்ந்து, கிணற்றுப் படி மாதிரி இறங்குவது. துத்தநாகம் கலந்த காட்மியம் சல்பைடு அந்தப் படியை மேலே தூக்கும்.

எட்டாம் படி: மேல் அடுக்குகள்

கலப்பில்லாத துத்தநாக ஆக்சைடு 50 நானோமீட்டர், அதன்மேல் அலுமினியம் கலந்ததோ இண்டியம் வெள்ளீய ஆக்சைடோ (ஐ.டி.ஓ.) 200 முதல் 400 வரை, அதற்கு மேல் நிக்கல்–அலுமினியக் கம்பி வலை. ஸ்பட்டரிங் சக்தியைக் கூட்டி அவசரப்பட்டால் கீழிருக்கும் மெல்லிய சந்திப்பு அடிபடும். எதிரொளிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் ஃபுளோரைடைக் கடைசியில் பூசுங்கள். அது நோய் தீர்க்காது, நல்ல செல்லுக்கு ஒரு மெருகு மட்டும்.

இடையில் சிமுலேஷன் பற்றி. பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலைக்கழகம் உருவாக்கிய, சோலார் செல்லைக் கணினியில் கணித்துக் காட்டும் ஸ்கேப்ஸ் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அருமையானது. ஆனால் குறைபாட்டு அடர்த்தியைக் குறைத்துப் போட்டு 28% வரவைத்துக் கட்டுரை எழுதுவது கணினியோடு பல்லாங்குழி ஆடுவது. உங்கள் 3.5% வளைகோட்டை அதில் மறுபடி உருவாக்கிப் பாருங்கள். எந்த எண்ணைக் கெடுத்தால் உங்கள் கோடு வருகிறதோ, ஓட்டை அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத்தான் அந்த மென்பொருள்.

ஒன்பதாம் படி: கழிவு

குளியல் முடிந்த மஞ்சள் தண்ணீரில் காட்மியம் இருக்கிறது. ஒரு சொட்டும் சிங்க்கில் ஊற்றக் கூடாது. ராணிப்பேட்டையின் குரோமியக் குவியலையும் பாலாற்றங்கரைக் கிணறுகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். தோல் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில்தான், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இல் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது.

மூடியுள்ள பிளாஸ்டிக் கேன் ஒன்று, மேலே "காட்மியம் கழிவு" என்று தமிழிலும் எழுதிய லேபிள், பக்கத்தில் தேதியும் லிட்டரும் குறிக்கும் நோட்டு. பீக்கரை முதல் இரண்டு முறை அலசிய தண்ணீரும், துடைத்த டிஷ்யூவும், கையுறையும் இதே கணக்கில்தான் சேரும், டிஷ்யூவுக்கும் கையுறைக்கும் தனி டப்பா வைத்துவிடுங்கள். கேனில் அமிலம் எதையும் ஊற்றிவிடாதீர்கள், அழுகிய முட்டை நாற்றத்தோடு விஷ வாயு கிளம்பும். கேன் முக்கால் நிறைந்ததும், அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்கி, அதே நோட்டில் ஒட்டி வையுங்கள்.